எந்திரம் நம்முடையது, சாவி யாருடையது?



நமது கடைகளில் இன்று கம்ப்யூட்டர் இல்லாத சாமான் எது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். பில் போடும் கம்ப்யூட்டரை மட்டும் சொல்லவில்லை. தராசு, பிரின்டர், காமிரா, பருப்பு சலிக்கும் எந்திரம், பாக்கெட் போடும் எந்திரம் எல்லாவற்றுக்குள்ளும் தீப்பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் சாஃப்ட்வேர் எனப்படும் மென்பொருள். எந்திரம் ஓடலாமா, நிற்கலாமா என்று உத்தரவு போடுவது அதுதான். அந்த உத்தரவு யாருடையது என்று நாம் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. 2023 ஜனவரியில் கேட்க வேண்டி வந்தது.

நான் பருப்பு மொத்த வியாபாரி. உளுந்தில் கறுப்பும் சொத்தையும் பிரிக்க ஒரு கலர் சார்ட்டர் வைத்திருக்கிறேன். பருப்பு சரிவுத் தகட்டில் வழுக்கி விழும்போது காமிரா பார்த்து, நிறம் மாறிய மணியைக் காற்றால் ஊதித் தள்ளும் எந்திரம். பொங்கலுக்கு 9 நாள் இருக்கும்போது அது நின்றது. திரையில் ஒரு எண் மட்டும் மின்னியது. எங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் தம்பி வந்து திறந்து பார்த்து, காற்று வால்வுகளை இயக்கும் போர்டு எரிந்துவிட்டது என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார். அதே கம்பெனி, அதே மாடல் எந்திரம் ஒன்று ஒரு நண்பருடைய மில்லில் சும்மா கிடந்தது. அதிலிருந்து போர்டைக் கழற்றி வந்து மாட்டினோம். மாலைக்குள் வேலை முடிந்தது என்று டீ வாங்கிக் கொடுத்தேன்.

எந்திரத்தைப் போட்டால், ‘பதிவு செய்யப்படாத பாகம், சர்வீஸ் கோடு கொடுக்கவும்’ என்று திரையில் வருகிறது. கம்பெனிக்குப் போன் போட்டேன். கோடு போனில் தரமாட்டார்களாம். அவர்கள் இன்ஜினியர் நேரில் வந்துதான் போடுவாராம். அவர் வர 5 நாளாம். அந்த 5 நாளும் 14 பெண்களை வைத்துக் கையால் பொறுக்கினோம். பாதிச் சரக்குதான் முடிந்தது. மீதிக்குப் பார்ட்டி வேறு கடையில் வாங்கிக்கொண்டார். 22 வருட வாடிக்கை. அவரைக் குறை சொல்ல முடியாது, பண்டிகைச் சரக்கு பண்டிகைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.

ஐந்தாம் நாள் இன்ஜினியர் வந்தார். லேப்டாப்பை ஒயரில் இணைத்தார், ஏதோ தட்டினார், எந்திரம் ஓடியது. ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடவில்லை. எங்கள் தம்பி மாட்டிய போர்டுதான் இன்றுவரை அதில் இருக்கிறது. பில் ரூ.18,500.

பணம் போனதைவிட ஒரு கேள்விதான் என்னை உறுத்தியது. பாகம் சரி, மாட்டியது சரி, எந்திரத்துக்கு முழு விலையும் கொடுத்தாகிவிட்டது, கடன் பாக்கியும் இல்லை. அப்படியிருக்க, ‘ஓடாதே’ என்று சொல்லும் உரிமை இன்னொருவர் கையில் எப்படி இருந்தது? இதைப் பற்றி வக்கீல் நண்பர் ஒருவரிடமும், கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்த என் பேரனிடமும் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தவைதான் இந்தக் கட்டுரை. என் படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. ஆகவே எனக்குப் புரிந்த பாஷையில் எழுதுகிறேன்.

பூட்டு எப்படிப் போடுகிறார்கள் என்பதை முதலில் பார்ப்போம். அந்தக் காலத்தில் எங்கள் கடையில் இருந்த வால்வு ரேடியோவின் பின்பலகைக்குள் சர்க்யூட் படம் ஒட்டியிருக்கும். ரிப்பேர்காரர் அதைப் பார்த்துத்தான் வேலை செய்வார். இன்று படத்துக்குப் பதில் பாகத்துக்குள் ஒரு நம்பரைப் புதைக்கிறார்கள். எந்திரத்தின் மூளையில் அதே நம்பர் எழுதியிருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், அசல் பாகமாகவே இருந்தாலும் எந்திரம் ஏற்காது. நம்பரை எழுதும் சாஃப்ட்வேர் கம்பெனியிடம் மட்டும் இருக்கும். இதைப் பாகத்துக்கு ஜோடி சேர்ப்பது என்கிறார்கள்.

2021-ல் வந்த ஐபோன் 13-ல் இதை உலகமே பார்த்தது. திரையை வெளியாட்கள் மாற்றினால், அது இன்னொரு ஐபோன் 13-ல் இருந்து எடுத்த அசல் திரையாக இருந்தாலும், முகத்தைப் பார்த்துத் திறக்கும் வசதி நின்றுவிட்டது. பலரும் கண்டித்த பிறகு, சாஃப்ட்வேரை மாற்றி இதைச் சரி செய்வதாக ஆப்பிள் கம்பெனி அறிவித்தது. பொருளில் எதையும் மாற்றாமல், எழுத்தை மாற்றியே சரி செய்ய முடிந்தது என்றால், தடை எங்கே இருந்தது என்பதை வணிகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நம்மில் பலருக்கு அன்றாடம் தெரிந்த உதாரணம் பிரின்டர். மை டப்பாவில் ஒரு சிப் இருக்கும். வெளியில் ரீபில் செய்த டப்பாவைப் போட்டால் சில பிரின்டர்கள் அச்சடிக்காது. நேற்றுவரை ஏற்றுக்கொண்ட டப்பாவை, இரவில் தானாக வந்த ஒரு ‘அப்டேட்’டுக்குப் பிறகு ஏற்க மறுப்பதும் உண்டு. அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் என்ற பிரின்டர் கம்பெனி, தன் டப்பாக்களை ரீபில் செய்து விற்றவர்கள் மேல் பேடன்ட் வழக்குப் போட்டது. 2017 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பொருளை ஒருமுறை விற்றுவிட்டால், அந்தப் பொருளின் மேல் பேடன்ட் உரிமை தீர்ந்துவிடுகிறது என்பது தீர்ப்பின் சாரம். ஒரு மூட்டைச் சர்க்கரையை விற்ற பிறகு, அதில் ஜிலேபிக்குப் பாகு காய்ச்சு, லட்டுக்குக் காய்ச்சாதே என்று நாம் சொல்ல முடியுமா? இவ்வளவுதான் விஷயம். ஆனால் தீர்ப்பு பேடன்டைப் பற்றியது. சிப்பில் போட்ட பூட்டை அது கழற்றவில்லை.

இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. அமெரிக்காவில் 1998-ல் ஒரு காப்பிரைட் சட்டம் வந்தது. சினிமாவையும் பாட்டையும் திருட்டுத்தனமாக நகல் எடுப்பதைத் தடுப்பதற்காக, டிஜிட்டல் பூட்டை உடைப்பதே குற்றம் என்று அதன் 1201-ஆம் பிரிவு சொன்னது. டிராக்டருக்குள்ளும் காருக்குள்ளும் இருக்கும் சாஃப்ட்வேரும் காப்பிரைட் உள்ள ‘நூல்’ போன்றதுதான் என்பதால், சொந்த டிராக்டரை ரிப்பேர் செய்யப் பூட்டைத் திறப்பவரும் இதே பிரிவில் மாட்டிக்கொண்டார். 3 ஆண்டுக்கு ஒருமுறை மனுக்களைக் கேட்டு விதிவிலக்குகள் கொடுக்கிறார்கள். டிராக்டர் போன்ற வாகனங்களை உரிமையாளர் ரிப்பேர் செய்வதற்கு 2015-ல் விலக்கு கிடைத்தது.

நமக்கு நெருக்கமான கதை ஐஸ்கிரீம் எந்திரக் கதை. மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பெரும்பாலும் நடத்துபவர்கள் அந்தக் கம்பெனியார் அல்ல, பெயரை வாங்கிக் கடை போட்ட தனித்தனி முதலாளிகள். டெய்லர் என்ற கம்பெனியின் ஐஸ்கிரீம் எந்திரத்தைச் சொந்தப் பணத்தில் வாங்கி வைத்திருப்பார்கள். அந்த எந்திரம் இரவில் சுமார் 4 மணி நேரம் பாலைச் சூடேற்றிக் கிருமியைக் கொன்று மீண்டும் குளிர வைக்கும். இதில் சிறிது பிசகினாலும் காலையில் எந்திரம் ஓடாது. ஏன் பிசகியது என்பது கடைக்காரருக்குப் புரிகிற மாதிரி திரையில் வராது. விவரம் மறைவான சர்வீஸ் பக்கத்தில் இருக்கும், அங்கீகாரம் பெற்ற மெக்கானிக் வர வேண்டும். கிட்ச் என்ற சிறிய கம்பெனி, எந்திரத்துக்குள் நடப்பதைக் கடைக்காரரின் போனிலேயே காட்டும் ஒரு சின்னக் கருவியைச் செய்து விற்றது. 2020 நவம்பரில், அந்தக் கருவி பாதுகாப்பானது அல்ல, கழற்றிவிடுங்கள் என்று மெக்டொனால்ட்ஸ் தன் கடைக்காரர்களுக்கு எழுதியது. நாட்டில் பாதி நாள் ஐஸ்கிரீம் எந்திரம் ரிப்பேர் என்பது அங்கே கேலிப் பேச்சாகவே ஆகிவிட்டது. கடைசியில் 2024 அக்டோபரில், சில்லறைக் கடைகளில் உணவு தயாரிக்கும் எந்திரங்களை ரிப்பேர் செய்யப் பூட்டைத் திறக்கலாம் என்று விலக்கு கிடைத்தது. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பூட்டைத் திறக்கலாம், ஆனால் திறக்கும் கருவியைச் செய்து விற்க அனுமதி இல்லை. நீயே சமைத்துச் சாப்பிடு, அடுப்பு மட்டும் யாரும் விற்கக் கூடாது என்பது போல.

இதைவிடத் திகைப்பான செய்தி போலந்து நாட்டிலிருந்து வந்தது. நேவாக் என்ற கம்பெனி செய்த ரயில்களைப் பராமரிக்க, டெண்டரில் வேறொரு பணிமனை எடுத்தது. 2022-ல் வேலை முடிந்தும் ரயில்கள் நகரவில்லை. கம்ப்யூட்டர் நிபுணர்கள் மூவர் மாதக்கணக்கில் ஆராய்ந்து 2023 டிசம்பரில் வெளியிட்டார்கள். ரயில் எங்கே நிற்கிறது என்பதைச் செயற்கைக்கோள் மூலம் பார்த்து, போட்டிப் பணிமனை இருக்கும் இடத்தில் சில நாள் நின்றால் பூட்டிக்கொள்ளும்படி சாஃப்ட்வேரில் எழுதியிருந்தது என்பது அவர்கள் சொன்னது. கம்பெனி இதை மறுத்தது. உண்மை எதுவாயினும், அப்படி எழுத முடியும் என்பதே நமக்குப் பாடம்.

கம்பெனிகள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். நாமும் சரக்கு விற்பவர்கள்தானே. மட்டமான பாகத்தை மாட்டி எந்திரம் தீப்பிடித்தால் கெட்ட பெயர் செய்தவருக்கு. திருட்டுப் போனைப் பிரித்துப் பாகங்களாக விற்பதும் நடக்கிறது. உணவு எந்திரத்தில் கிருமி கொல்லும் வேலையை யாராவது குறைத்துவிட்டால் ஆபத்து. இவை பொய்யல்ல. பூட்டே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை.

நம் தராசையே பாருங்கள். அதில் பூட்டு இல்லையா? முத்திரை ஆய்வாளர் போட்ட ஈய முத்திரையை உடைத்தால் நமக்கு அபராதம். மின்னணுத் தராசை ஆண்டுதோறும் முத்திரைக்குக் கொண்டுபோகிறோம். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, தராசு பழுது பார்ப்பவர் அரசிடம் லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். இந்தப் பூட்டை நாம் யாரும் குறை சொல்வதில்லை. காரணம், அந்தச் சாவி தராசு செய்தவர் கையில் இல்லை, அரசின் கையில் இருக்கிறது. பூட்டு யாருக்காக என்றால், எதிரே நிற்கும் வாடிக்கையாளருக்காக. லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரர் எவரிடமும் நாம் போகலாம், கூலி பேசலாம். சாஃப்ட்வேர் பூட்டில் சாவி வைத்திருப்பவரும், பூட்டினால் லாபம் அடைபவரும், சர்வீஸ் கூலியை நிர்ணயிப்பவரும் ஒருவரே. கலர் சார்ட்டர் இன்ஜினியர் போன பிறகு நான் திண்ணையில் உட்கார்ந்து யோசித்தபோது எனக்குப் புரிந்த வித்தியாசம் இது.

நம் நாட்டில் நிலைமை என்ன? கார் விஷயத்தில் ஒரு பெரிய உத்தரவு உண்டு. ஸ்பேர் பார்ட்ஸும், கோளாறு கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைப்பதில்லை என்ற புகாரில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டு 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் ரூ.2,544 கோடிக்கு மேல் அபராதம் போட்டது. வெளியாளிடம் ரிப்பேர் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டி ரத்து என்று பொத்தாம் பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்றும் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள், அபராதத் தொகை விவகாரம் கோர்ட்டுகளில் இழுபட்டது. ஆனால் காரை வாங்கிய பிறகு வாடிக்கையாளர் அந்தக் கம்பெனியிடம் சிறைப்பட்டவர் ஆகிறார் என்ற உண்மையை ஓர் அரசு அமைப்பு எழுத்தில் ஒப்புக்கொண்டது பெரிய காரியம்.

மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு கமிட்டி அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன் மற்றும் மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகச் சாமான்கள், வாகனங்கள் என்று 4 துறைகளை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் தினத்தன்று இதற்காக ஓர் இணையதளம் திறந்தார்கள். எந்தக் கம்பெனியின் சர்வீஸ் விவரம், வாரன்டி விவரம் எங்கே என்று அதில் பார்க்கலாம். அது தகவல் பலகைதான், சாவியைக் கொடு என்று கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் அல்ல. எளிதில் ரிப்பேர் செய்ய முடிகிற பொருளுக்கு மதிப்பெண் போடலாம் என்று இன்னொரு கமிட்டி 2025 மே மாதம் அறிக்கை கொடுத்திருக்கிறது. வெளிநாட்டில் இதைவிட முன்னே போயிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 2024-ல், ஜோடி சேர்த்துப் பாகத்தைத் தடுப்பதையே குறிப்பிட்டுத் தடை செய்து சட்டம் போட்டது.

சிறு கடைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வணிக நோக்கத்துக்குப் பொருள் வாங்கியவர் ‘நுகர்வோர்’ அல்ல. அதனால் நமக்கு அந்தக் கோர்ட்டு கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். முழுவதும் சரியல்ல. சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காகவே வாங்கிப் பயன்படுத்துபவரை அந்தச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. தானே கல்லாவில் உட்கார்ந்து கடை நடத்தும் மளிகைக்காரர், தன் பில் எந்திரத்துக்காக நுகர்வோர் ஆணையத்தின் வாசலை மிதிக்க வழி இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பேசலாம். என்னைப் போல ஆட்களை வைத்து மில் நடத்துபவருக்கு அது கஷ்டம் என்று வக்கீல் நண்பர் கையை விரித்துவிட்டார். பூட்டை நாமே ஆள் வைத்து உடைத்தால் என்ன என்றும் கேட்டேன். நம் காப்பிரைட் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65-ஏ பிரிவு, காப்பிரைட்டை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் தண்டிக்கிறது, ரிப்பேருக்காக என்றால் வாதாட இடம் உண்டு, ஆனால் வாதாடுவதற்குள் உன் உளுந்து வண்டு பிடித்துவிடும் என்றார். அவர் சொன்னது நியாயம்.

ஆகவே நமக்குக் கையில் உள்ள பலம் ஒன்றுதான். பணம் கொடுப்பதற்கு முன்னால் பேசுவது. முன்பணம் கைமாறும்வரை விற்பவர் நம் கடைக்கு 4 முறை வருவார். அதன் பிறகு நாம்தான் அவருக்குப் போன் போட வேண்டும். பருப்பு வாங்கும்போது கையை மூட்டைக்குள் அடிவரை விட்டுப் பார்க்கும் நாம், ரூ.10 லட்சம் எந்திரத்தை வர்ணப் படம் பார்த்து வாங்குகிறோம்.

என்ன கேட்பது? வெளி மெக்கானிக்கிடம் பாகம் விற்பார்களா, மாட்டிய பாகத்தை ஏற்க வைக்கும் சர்வீஸ் கோடு நமக்குக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். திரையில் வரும் கோளாறு எண்களின் அர்த்தப் பட்டியலைக் கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள், கேட்காததால்தான் கிடைப்பதில்லை. ஆண்டுச் சந்தா கட்டாவிட்டால் நிற்பது சர்வீஸ் மட்டுமா, எந்திரமே நின்றுவிடுமா என்பது மிக முக்கியம். பில் போடும் சாஃப்ட்வேர் என்றால், நம் ஸ்டாக்கும் பற்று வரவும் வேறு சாஃப்ட்வேருக்கு எடுத்துப்போகும் வடிவில் கிடைக்குமா என்று பாருங்கள். நாளை அந்தக் கம்பெனி மூடிவிட்டால் உங்கள் பாக்கிக் கணக்கு அதோடு போய்விடக் கூடாது. வாயால் சொல்வதை எல்லாம் கொட்டேஷனிலேயே எழுதி முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். சேல்ஸ்மேன் தம்பிகள் இரண்டு வருடத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள், காகிதம் போகாது. வாங்கிய பிறகு, ‘அப்டேட் செய்யட்டுமா’ என்று திரை கேட்டால் சீசன் நாளில் ‘சரி’ என்று தட்டிவிடாதீர்கள். என்ன மாறுகிறது என்று கேட்டுவிட்டு, வியாபாரம் மந்தமான நாளில் செய்யுங்கள்.

2024-ல் ஒரு பாக்கெட் போடும் எந்திரம் வாங்க வேண்டியிருந்தது. மேலே சொன்னவற்றை நிபந்தனைகளாக எழுதி 2 கம்பெனிகளுக்கு அனுப்பினேன். ஒருவர் இப்படி யாரும் கேட்டதில்லை என்று சிரித்துவிட்டு, முடியாது என்றார். விலை ரூ.40,000 குறைவு, ஆனாலும் விட்டுவிட்டேன். மற்றவர், வாரன்டி ஓராண்டு முடியும்வரை போர்டை எங்கள் ஆள்தான் மாற்ற வேண்டும், அதன் பிறகு கோடு தருகிறோம், மற்றதெல்லாம் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தார். நியாயமாகப் பட்டது, வாங்கினேன். ஓராண்டு முடிந்ததும் கேட்டேன், ஒட்டிய கவரில் கோடு வந்தது. கிடங்குச் சாவிக் கொத்தோடு அதே பெட்டியில் வைத்திருக்கிறேன்.

நான் அனுப்பிய அந்த நிபந்தனைக் கடிதத்தின் நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன். வேண்டுவோர் மாலை 5 மணிக்கு மேல் சென்று பிரதி எடுத்துக்கொள்ளலாம். எந்திரத்தின் பெயரையும் மாடல் எண்ணையும் மட்டும் மாற்றி எழுதிக்கொண்டால் போதும்.